பதின்மூன்றாவது முத்திரை

மஞ்சள் பட்டையா அக்கா? கையைக் காட்டுங்க. ஆமாம், மஞ்சள்தான். அப்படியென்றால் இரண்டாவது தடவை வந்திருக்கிறீர்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு நீலப் பட்டை. அவர்கள் பாவம், சறுக்கி விளையாடி, நனைந்து, நாலு பஜ்ஜி தின்றுவிட்டுச் சந்தோஷமாக ஊருக்குப் போய்விடுவார்கள். மஞ்சள் கட்டியவர்களுக்குத்தான் ஏழரை ஆரம்பம்.

அண்ணன் எங்கே, முத்திரைப் புத்தகம் வாங்கும் வரிசையிலா? முக்கால் மணி நேரம் ஆகும். பாப்பா தூங்கட்டும், இந்தப் பக்கம் நிழல் இருக்கிறது, நகர்ந்து உட்காருங்க. நான் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில். பதினொன்றாவது முடித்திருக்கிறேன். இந்தக் குதூகலபுரிக்கு எங்களுக்கு இது ஏழாவது வருஷம். ஏழு. சில பேர் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போவார்கள் இல்லையா, எங்கப்பா இங்கே வருவார்.

அண்ணன் கொண்டு வருகிற புத்தகத்தைப் பாருங்க, பன்னிரண்டு கட்டம் இருக்கும். கட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி, முடித்தால் ஒரு ரப்பர் முத்திரை. பழைய விருந்தினர்களுக்கு மட்டுமேயான, வெளியே யாருக்கும் தெரியாத அனுபவங்களாம். விடிகாலை ஐந்தரைக்குச் சமையல்கூடத்துக்குப் போனால் நானூறு இட்லி ஒன்றாக வெந்து இறங்குவதைப் பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான். தின்பதற்கு ஏழரை மணிக்கு எல்லோரோடும் வரிசையில் நிற்க வேண்டும். ராட்டினக் குதிரைக்கு வாலில் பெயிண்ட் அடிக்கலாம். குளிக்கிற துண்டை மடித்து யானை செய்யலாம். புல்வெளியில் இரும்பு உருளையைக் குடும்பத்தோடு இழுக்கலாம். நானும் அம்மாவும் இழுத்தோம், அப்பா போட்டோ எடுத்தார். குதூகலன் என்று அணில் வேஷம் போட்டு ஒருத்தன் ஆடுகிறானே, அவன் வாலைக் கழற்றி வெயிலில் காயப் போட்டிருப்பார்கள், அதைச் சீப்பால் வாரிவிடலாம். ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை வந்தவனையே செய்ய வைத்தால் அதற்குப் பெயர் அனுபவம்.

பன்னிரண்டையும் முடித்தவர்களுக்கு அதோ, வாத்துக் குளத்தின் மேல் ஒரு மரப்பலகை தெரிகிறதா, அதில் பெயர் எழுதுவார்கள். மேலிருந்து மூன்றாவது. 'கோமதிநாயகம் குடும்பத்தார், சங்கரன்கோவில்.' எங்கள் வீட்டு வாசலில்கூட அப்பா பெயர் கிடையாது.

அப்பாவுக்கு எங்கள் ஊரில் குடிநீர் மோட்டார் பார்த்துக்கொள்கிற வேலை. வருஷம் பூரா பம்ப், வால்வு, மோட்டார். மே மாதம் லீவு போட்டு, இருநூறு கிலோமீட்டர் வண்டியில் வந்து, இங்கே முதல் வேலையாக எங்கே போவார் தெரியுமா? அலைக்குளத்துப் பம்ப் ரூமுக்கு. மூன்றாம் முத்திரை, 'அலையின் பின்னணி'. மஞ்சள் பட்டை கிடைத்ததிலிருந்து ஒரு வருஷம் விடாமல் போயிருக்கிறோம். இப்போதும் அங்கேதான் நிற்கிறார். இது அவர் குரல், கேளுங்க:

"ஏட்டி செல்வி, சறுக்கல் எல்லா ஊர்லயும்தான் கெடக்கு. இம்புட்டுப் பெரிய மோட்டார நீ எங்க போய்ப் பாப்ப? நீலப் பட்டைக்காரன் தண்ணியப் பாக்குதான். நாம தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்குதோம். வித்தியாசம் இருக்குல்லா."

இருக்கு. அவன் நனைகிறான், நாங்கள் காய்கிறோம்.

அம்மா குரல் சுலபம். பாதியில் விட்டால் போதும். "என்னங்க, எனக்கு முட்டி..." "இந்த வருசமாவது ஒரு கடல் இருக்குத ஊருக்கு..." அம்மா ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை.

எனக்கு எந்தக் குரலும் வரும் அக்கா. ஆட்டோக்காரர், காய்கறிக்காரம்மா, எங்கள் பெரியப்பா கொட்டாவி விடுவது, எல்லாம். பத்தாவது படிக்கும்போது எங்கள் தலைமை ஆசிரியை குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று "பி பிரிவு மட்டும் கலைந்து செல்லலாம்" என்று சொல்லி நாற்பத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கும். சொல்கிற குரல் சரியாக இருந்தால் மனிதர்கள் என்ன சொன்னாலும் செய்வார்கள். ஆடு மாடாவது ஒரு நிமிஷம் யோசிக்கும்.

அதனால்தான் எனக்கு ஒன்பதாம் முத்திரையில் மட்டும் கொஞ்சம் மரியாதை. 'ஒலிமேடை அனுபவம்.' அறிவிப்பு அறைக்குள் கூட்டிப்போவார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. குடும்பத்தில் ஒருவர் மைக்கில் ஒரு வரி பேசலாம். அப்பா வருஷா வருஷம் ஒரே வரிதான்: "சங்கரன்கோவில் கோமதிநாயகம் குடும்பத்தார் உங்கள் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்." ஏதோ இவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

அந்த அறை லூர்துமேரி மேடத்தின் அறை. நீங்கள் முதல் தடவை வந்தபோது கேட்டிருப்பீர்கள். இப்போது வருவது கம்ப்யூட்டர் குரல், இதற்கு மூச்சே கிடையாது, கிண்டல் பண்ணப் பிடி கிடைக்காது. மேடம் அப்படி இல்லை. வத்தலகுண்டு பேருந்து நிலையத்தில் பல வருஷம் மைக்கில் பேசிவிட்டு, இங்கே வந்து பதினோரு வருஷம். மைக்கை முதலில் 'ஃபூ' என்று ஊதுவார். பிறகு 'அன்பார்ந்த விருந்தினர்ப் பெருமக்களே'. 'பெரு'வுக்கும் 'மக்களே'வுக்கும் நடுவில் ஒரு சின்ன இறக்கம், மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் குறைந்திருக்குமே, அந்த மாதிரி. எல்லாவற்றையும் சொல்லி முடித்து 'நன்றி' என்றபின் மைக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு. பூங்கா முழுக்க அது கேட்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். அந்த மூச்சைப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இல்லை அக்கா, மேடம் குரல் மட்டும் கேட்காதீங்க. தொண்டை சரியில்லை. வேறு யார் வேண்டுமானாலும் கேளுங்க, பண்ணுகிறேன்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் நீங்களே சொல்லுங்க.

போன வருஷம் வரும்போதே அப்பா புத்தகத்தில் பன்னிரண்டு முத்திரையும் இருந்தது, பலகையில் பெயரும் இருந்தது. இனி செய்ய ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை முதலிலிருந்து செய்தோம். மத்தியானம் ஒன்பதாம் முத்திரை முடிந்து வெளியே வந்தபோது என் தலை கிளிப்பை அறைக்குள் விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை, விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மூன்றேகால் மணிக்குத் திரும்பிப் போனேன். மேடம் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, காதில் பஞ்சு வைத்து, முந்தானையைக் கண்ணில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மைக் காலியாக இருந்தது. ஒரு மைக் காலியாக இருந்தால் நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க. பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி.

ஃபூ என்று ஊதினேன்.

என்ன சொன்னேன் என்பது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. குரல் இல்லாமல் வெறுமனே சொல்கிறேன். "அன்பார்ந்த விருந்தினர்ப் பெருமக்களே. மஞ்சள் பட்டை அணிந்த குடும்பத்தார் கவனத்திற்கு. பதின்மூன்றாவது முத்திரைக்கான நிகழ்வு வாத்துக் குளத்தில் இப்போது தொடங்குகிறது. குடும்பத்தார் கைகோத்து, பின்பக்கமாக நடந்து, குளத்தை மூன்று சுற்று வரவும். பேசக் கூடாது. வாத்துகளின் கண்ணைப் பார்க்க வேண்டாம். நன்றி." அப்புறம் மூச்சு.

மேடம் புரண்டுகூடப் படுக்கவில்லை. நான் கிளிப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்து பார்த்தால், ஐயோ அக்கா. நீலப் பட்டைக்காரர்கள் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் பட்டை மட்டும் நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வருகிறது. இட்லி பார்த்தவர்கள், உருளை இழுத்தவர்கள், துண்டு யானையைக் கையில் வைத்திருந்தவர்கள், எல்லோரும். முப்பது குடும்பம் இருக்கும். கைகோத்து, வாயை மூடி, பின்பக்கமாக நடக்கிறார்கள். வாத்து எதிரில் வந்தால் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மனிதர், திருச்சிக்காரர், பெரிய மீசை, பேசக் கூடாது என்பதையும் மீறிப் பக்கத்துக் குடும்பத்திடம் கிசுகிசுத்தார். அவர் குரல் இது: "இது பழசுங்க. நாங்க ரெண்டு வருஷம் முன்னாடியே பண்ணியாச்சு. அப்ப அஞ்சு சுத்து. இப்பதான் குறைச்சிட்டாங்க."

இல்லாத ஒன்றை இரண்டு வருஷம் முன்னால் செய்திருக்கிறார். நான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கப்பாவை மறந்துவிடுவேனா? எல்லோருக்கும் முன்னால், அதாவது எல்லோருக்கும் பின்னால், அவர்தான். தான் அறியாமல் ஒரு முத்திரை இருந்திருக்கிறதே என்ற அவமானம் முகத்தில் தெரிந்தது. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாகப் பின்னால் போகிறார். "என்னங்க, பின்னாடி..." என்றாள் அம்மா. பேசக் கூடாது என்று கண்ணாலேயே அதட்டினார். அடுத்த அடி குளத்தில். அம்மா சரியான நேரத்தில் கையை விட்டுவிட்டாள். இருபது வருஷ அனுபவம்.

குளம் முழங்கால் ஆழம்தான். ஆனால் வாத்துக் கூண்டின் ஓட்டில் கை ஊன்றி விழுந்ததால் மணிக்கட்டு பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. முதலுதவி அறையில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ரெண்டு சுத்து முடிச்சாச்சே, முத்திரை எங்க குத்துவாங்க?"

அப்படி ஒரு முத்திரையே கிடையாது என்று அந்த நர்ஸம்மா சொன்னதும்தான் அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்தது.

நாலரை மணிக்கு மேனேஜர் அறை. மேனேஜர் பொள்ளாச்சிக்காரர், விஷ்ணுதரன். பேச்சில் வெண்ணெய் வழியும். "இருங்க இருங்க, பொறுமையாப் பேசிக்கலாமுங்க. நீங்க நம்ம பலகையில பேரு இருக்கிறவரு. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு வலிக்காதுங்களா?" அப்பா விடவில்லை. "எழுத்துல குடுக்கேன். அந்தம்மாவ இன்னைக்கே மைக்குலருந்து எறக்கணும். இல்லன்னா நான் இந்தப் படிய எறங்க மாட்டேன்." எழுத்தில் கொடுப்பதென்றால் அப்பாவுக்கு அப்படி ஒரு ஆனந்தம். வலது கை கட்டில் இருந்தது. அதனால் அவர் சொல்ல, அம்மா எழுதினாள். அதை மட்டும் முழு வாக்கியமாக எழுதினாள், பாருங்க.

மேடத்தைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றார். அறிவிப்பெல்லாம் கம்ப்யூட்டரில் தானாகப் பதிவாகும் போலிருக்கிறது, மேனேஜர் போட்டுக் காட்டினார்.

மேடம் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி கேட்டார். 

"நான்தான் சார்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது அக்கா. பயத்தில் இல்லை. பெருமையில். யாருடைய குரலோ அவரே தன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறார். எந்த மேடையில் எந்தக் கலைஞனுக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்திருக்கிறது?

"ஏனுங்க மேடம், எதுக்கு இப்படிச் சொன்னீங்க?"

"தெரியலை சார். சொன்னதா ஞாபகமே இல்ல. ஆனா என் குரல்தானே இது." பிறகு அவரே சொன்னார், "மூணு மணிக்கு மேல கொஞ்சம் கண்ணசந்துட்டேன் சார். தூக்கத்துல அறிவிப்புச் சொல்றேன்னு எம்மக சொல்லுவா. எந்திரிச்சு வந்து மைக்லயே சொல்லிட்டேன் போல."

மேனேஜருக்கு வேலை சுலபமாகிவிட்டது. "பதினோரு வருஷம் நல்லாத்தான் பண்ணுனீங்க. வயசாகுதில்லீங்களா. இன்னியோட மைக்க வச்சிருங்க மேடம். சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு, சாயங்கால ஸ்டாஃப் பஸ்ல கெளம்பிருங்க. நாங்க யாரையாச்சும் பாத்துக்கறோம்."

அவர் அழவெல்லாம் இல்லை. அழுதிருந்தால் அந்த அழுகையையும் பழகியிருப்பேன். அவர் வேறு ஒன்று செய்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள், பழைய பேருந்து ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். "வத்தலகுண்டு, காட்ரோடு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி." தலை சரியாக இருக்கிறதா என்று தானே தட்டிப் பார்க்கிறார். ஒரு தடவை சரியாக வந்தது. மேனேஜர் ஏதோ கையெழுத்துக் கேட்டார், போட்டார். மறுபடி ஆரம்பித்தார். "வத்தலகுண்டு, காட்ரோடு, தேவதானப்பட்டி..." நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. "வத்தலகுண்டு, காட்ரோடு..." விரல் மட்டும் மடங்குகிறது, ஊர் வரவில்லை.

அப்போது அந்த மேனேஜர் அப்பாவைச் சமாதானப்படுத்த ஒன்று சொன்னார்: "இவங்க குரல் வேற யாருக்கும் வராதுங்க சார். கிளியப் புடிச்சுப் பழக்குனாக்கூட வராது. அதனால சந்தேகமே வேண்டாமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளியாம். இரண்டு வருஷம் நான் பழகியது கிளிக்குக்கூட வராதாம். என்னை யார் என்று நினைத்தார்? அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். பரிதாபம் கிரிதாபம் என்று நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரோஷம் அக்கா. முழுக்க முழுக்க ரோஷம்.

"பெரியகுளம், தேனி, போடி" என்றேன். அவர் குரலில்.

மேடம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேடத்தைப் பார்த்தார். "ஏட்டி" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை அம்மா மாதிரி பாதியில் நின்றார்.

"எங்க, அந்த அறிவிப்பச் சொல்லும்மா" என்றார் மேடம்.

சொன்னேன். ஃபூவிலிருந்து மூச்சு வரைக்கும். வாத்துகளின் கண்ணைப் பார்க்க வேண்டாம் என்றபோது மேனேஜரே கொஞ்சம் சிரித்தார். சொல்லி முடித்ததும் மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, எனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு ஒண்ணும் ஆகல சார்" என்று மேனேஜரிடமும் சொன்னார், அம்மாவிடமும் சொன்னார். மேனேஜர் உடனே கட்சி மாறிவிட்டார். "அதானே பாத்தேன், நம்ம மேடம் இப்படிப் பண்ணுவாங்களா? நீங்க போய் உங்க வேலையப் பாருங்க மேடம், தப்பு உங்க மேல இல்லீங்க." அப்பா சொல்ல எழுதிய மனுவை அம்மா நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? குற்றத்தை ஒத்துக்கொண்டேன். ஒரு பொம்பளையின் வேலையைக் காப்பாற்றினேன். எங்கப்பாவிடம் ஊருக்குப் போய் வாங்கப்போகும் பாட்டையும் ஏற்றுக்கொண்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை. அதுதானே முறை?

மேடம் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, "காலையில கேட் திறக்கும்போது வரவேற்புச் சொல்லுவேன்ல, அதச் சொல்லும்மா" என்றார். ஆசையாகத்தான் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். நானும் பார்வையாளர் கிடைத்த சந்தோஷத்தில் ஒன்றுவிடாமல் செய்தேன். 'பெருமக்களே'வில் அந்த இறக்கம். 'வருக' என்பதை அவர் வாயோரத்தால் கடித்துத் துப்புகிற மாதிரிச் சொல்லுவார், அது. கடைசியில் அந்தப் பெருமூச்சு, நல்ல நீளமாக.

மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அப்பாகூட, கட்டுப் போட்ட கையை ஏந்திக்கொண்டு, மூக்கால் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, அவளுக்கு இதெல்லாம் புரியாது.

மேடம் கண்ணைத் திறந்தார். "நான் இப்படியா சொல்றேன்?"

"அச்சு அசல் இதேதான் மேடம்" என்றேன். "கடைசில ஒரு மூச்சு விடுவீங்கல்ல, 'இத்தனை சனியனும் எப்ப ஒழியும்'ங்கிற மாதிரி. அதுதான் உங்க குரல்லயே உயிர்."

பாராட்டாகத்தான் சொன்னேன். ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரிடம் சொல்வது போல.

அவர் மேனேஜரைப் பார்த்து, "பதினோரு வருஷமும் இப்படித்தான் கேட்டுச்சா சார்?" என்றார். மேனேஜர், "அட, அதெல்லாம் யாருங்க கவனிக்கறாங்க?" என்றார். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், அந்த ஆளுக்கு மூளை கிடையாது. 

மேடம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"மேடம், அதான் தப்பு உங்க மேல இல்லன்னு ஆயிப்போச்சுங்களே."

"தெரியும் சார். இந்தப் புள்ள சொல்லிக் கேட்டேனே." அவ்வளவுதான் சொன்னார். என் தலையில் கை வைத்தார். திட்டவில்லை. அறைந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் பாட்டுக்கு எழுந்து, குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எப்படி இருக்கிறது நியாயம்? போக இருந்த வேலையைக் கையில் பிடித்துக் கொடுக்கிறேன், வேண்டாம் என்று போகிறார். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கு வரைக்கும் என்னால்தான் அந்தம்மா போனாள் என்கிறார்கள். அப்பா குரல்: "ஒரு குடும்பத்து வயித்துல அடிச்சிட்டியேட்டி." வேலையை விட்டு இறக்கச் சொல்லி மனு எழுதியது யார்? அம்மா மட்டும் ஒரு நாள், "நீ அந்த மூச்ச மட்டும்..." என்று ஆரம்பித்தாள். வழக்கம்போல முடிக்கவில்லை.

நான் ஆறு வருஷமும் அதைக் கேட்டவள் அக்கா. நான் இல்லாததைச் செய்யவில்லை. இருந்ததைச் செய்தேன். கண்ணாடி மேல் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவர்களை என்ன செய்ய முடியும்?

கொஞ்சம் பொறுங்க, இன்னும் இருக்கிறது. பாப்பா புரள்கிறாள், தட்டிக்கொடுங்க.

அன்றைக்கு ஆறு மணி ஆயிற்று. பூங்கா மூடும் நேரம். ஆறு மணிக்கு மேடம் சொன்னால்தான் ஜனம் கிளம்பும். வருஷக்கணக்கில் பழக்கம். அன்றைக்கு அறிவிப்பு வரவில்லை. யாரும் நகரவில்லை. வெயில் இறங்கிவிட்டது, சறுக்கல்களை நிறுத்திவிட்டார்கள், காவலாளிகள் விசில் ஊதுகிறார்கள், ஒருத்தன் அசையவில்லை. நின்ற சறுக்கலுக்குக் கீழே வரிசையில் நிற்கிறார்கள். நான்தான் முதலிலேயே சொன்னேனே, இவர்களுக்குக் குரல் வேண்டும்.

நாங்கள் தங்கியிருந்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "அம்மிணி, ஒரே ஒரு தடவ. மேடம் மாதிரி அந்த மூடுற அறிவிப்ப மட்டும் சொல்லிரு கண்ணு. கூட்டம் நகர மாட்டேங்குது." ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதிய அதே ஆள். அப்பா என்னைப் பார்த்தார். பெருமையா, கோபமா, அவருக்கே தெரியவில்லை. "போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். முட்டை அட்டை அறை. இரண்டு நாற்காலி அப்படியே சேர்ந்து கிடந்தது. மேஜையில் கொஞ்சம் பஞ்சு. நான் உட்கார்ந்து, ஃபூ என்று ஊதினேன். கேலி இல்லை, கூட்டல் இல்லை. "அன்பார்ந்த விருந்தினர்ப் பெருமக்களே. குதூகலபுரி இன்றைய பொழுதை நிறைவு செய்கிறது. தங்கள் பிள்ளைகளும் உடைமைகளும் தங்களுடன் இருக்கின்றனவா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கவனமாக வீடு சென்று சேருங்கள். நன்றி." மூச்சு மட்டும் விடவில்லை. மறந்துவிட்டேன். அவசரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜனம் எழுந்தது. பிள்ளைகளை எண்ணிக்கொண்டு, துண்டைப் பிழிந்துகொண்டு, வாசல் பக்கம் நடந்தது. அத்தனை பேரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. ஒரு ஆள் சிரிக்கவில்லை. மேனேஜர் அப்பாடா என்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேடம் இன்னும் போகவில்லை. வாசலுக்கு உள்ளே, புங்க மரத்தடியில், ஸ்டாஃப் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். பஸ் உள்ளே வந்துதான் ஏற்றிக்கொண்டு போகும். எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒலிபெருக்கி அவர் தலைக்கு மேலேதான் இருக்கிறது. மேலே நிமிர்ந்து பார்ப்பார், திட்டுவார், குறைந்தபட்சம் முகத்தையாவது சுளிப்பார் என்று நான் கண்ணாடியில் மூக்கை வைத்துக் காத்திருந்தேன்.

அவர் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தார். டிபன் பாக்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். குடையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது போலிருக்கிறது. ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து, பஸ்ஸுக்கு நிற்காமல், ஈரத் தலையும் குழந்தையுமாகப் போய்க்கொண்டிருந்த நீலப் பட்டைக் கூட்டத்துக்குள் நுழைந்து, அவர்களோடு சேர்ந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.